கண்துணை

தூத்துக்குடி ஐஸ் தொழிற்சாலையில் அம்மோனியா குழாய் வெடித்தபோது ஜெசிந்தா அடுத்த கட்டடத்தில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். காலை பதினோரு மணி இருக்கும். முதலில் சத்தம்தான் கேட்டது, பெரிய டயர் வெடித்ததுபோல. பிறகு நெடி வந்தது. மேசைக்கு இரு பக்கமும் நின்ற நாற்பது பெண்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடல் பக்கமாக ஓடினார்கள். ஜெசிந்தா மட்டும் நெடி வந்த பக்கம் ஓடினாள். அங்கே கம்ப்ரசர் அறையில் அவள் கணவன் பிரிட்டோ வேலையில் இருந்தான்.

அவன் வாசலுக்கு வெளியே முழங்கால் மடங்கிக் கிடந்தான். இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்தியிருந்தான். சுவரில் 'கண் கழுவுமிடம்' என்று பச்சையில் எழுதியிருந்த குழாயை ஜெசிந்தா திறந்தாள். காற்றுதான் வந்தது. அவன் சட்டையைப் பிடித்து, ஐஸ் கட்டிகள் உருகி வடிகிற தொட்டிக்கு இழுத்துப்போனாள். அவன் தலையை மடியில் மல்லாத்தி, இமைகளைக் கட்டைவிரலால் பிரித்துப் பிடித்து, மக் மக்காகத் தண்ணீர் ஊற்றினாள்.

"விடுட்டி. எரியுது. விட்ரு" என்று அவன் காலை உதைத்துக்கொண்டு கத்தினான்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இன்னும் கொஞ்சம்."

ஆம்புலன்ஸ் வந்தது. "போதும்மா, மிச்சத்த ஆஸ்பத்திரில பாத்துக்குவாங்க" என்று அதில் வந்தவர்கள் சொன்னதும் விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று கேட்டார்கள். எட்டு நிமிஷம் இருக்கும் என்றாள். மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவியிருக்க வேண்டும் என்பதை நான்கு நாள் கழித்து ஒரு நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னாள். விடுபட்டுப்போன அந்த இருபத்திரண்டு நிமிஷங்களைப் பற்றி ஜெசிந்தா யாரிடமும் பேசியதில்லை.

மூன்று அறுவை சிகிச்சைகள் நடந்தன. கருவிழி மாற்றினார்கள், ஒட்டவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போயிற்று. "இனி கண்ண மாத்தினாலும் பிரயோஜனம் இல்லம்மா. பின்னால போற ஒயரே கருகிப்போச்சு" என்றார் கடைசியாகப் பார்த்த மருத்துவர்.

பிரிட்டோவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. வீட்டில் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தான்.

"ஏன் சுவத்தப் பாத்து உக்காந்திருக்கிய? இப்படித் திரும்பி உக்காருங்களேன்."

"எங்கன பாத்து உக்காந்தா என்ன?"

முள் எடுத்து மீன் பிசைந்து கொடுத்தால் தட்டைத் தள்ளிவிட்டான். குளிக்கக் கூட்டிப்போனால் கையை உதறினான். பக்கத்தில் இல்லாவிட்டால் மட்டும் "ஜெசி, எங்க போன?" என்று கூப்பிட்டான். ஒரு நாளில் அறுபது எழுபது முறை கூப்பிடுவான். அவள் ஒவ்வொரு முறையும் வந்து நிற்பாள். வந்து நின்றபிறகு அவனுக்குக் கேட்க ஒன்றும் இருக்காது.

மகள் ஷைனி திருநெல்வேலியில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் சென்னைக்கு வெளியே இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதிப்போட்டாள். ஒரு மாதத்தில் அழைப்பு வந்தது. மூவரும் போனார்கள்.

டாக்டர் மாதங்கிக்கு ஐம்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசினார்.

"கண்ணு வழியா போற பாதை முடிஞ்சுபோச்சு. ஆனா பின்மண்டையில பார்வைக்கான இடம் நல்லாத்தான் இருக்கு. அங்க ஒரு சின்னத் தகடு வைப்போம். நீங்க போட்டுக்கிற கண்ணாடியில கேமரா இருக்கும். கேமரா பார்க்கிறதைத் தகடு மூளைக்குச் சொல்லும்."

"அப்போ நாளைக்கே கேமராவ மாட்டிவிட வேண்டியதுதான டாக்டர்?" என்றான் பிரிட்டோ. பல மாதங்களில் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"மாட்டிப் பார்த்தோம். முதல் பதினோரு பேருக்கும் வெறும் மின்னல்தான் தெரிஞ்சுது. கேமரா எல்லாத்தையும் ஒண்ணாத்தான் பார்க்கும். அதுக்குச் சுவத்து விரிசலும் ஒண்ணுதான், எதிர்ல வர்ற பஸ்ஸும் ஒண்ணுதான். மனுஷங்க அப்படிப் பார்க்கிறதில்ல. எதைப் பார்க்கணும், எதை விடணும்னு கண்ணு தேர்ந்தெடுத்துக்கிட்டே இருக்கும். அதை இந்தத் தகட்டுக்கும் உங்க மூளைக்கும் யாராவது கத்துக்கொடுக்கணும். உங்ககூட வாழ்ற ஒருத்தர், அஞ்சு மாசம், நெத்தியில ஒரு பட்டையைக் கட்டிக்கிட்டு, அவங்க பார்க்கிறதையெல்லாம் உங்களுக்குள்ள அனுப்பணும். அவங்களை நாங்க கண்துணைன்னு சொல்றோம்."

"நான் இருக்கேன்" என்றாள் ஜெசிந்தா.

"முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. அந்த அஞ்சு மாசமும் நீங்க எதைப் பார்த்தாலும் அவரும் பார்ப்பார். உங்க கண்ணு உங்களுக்கு மட்டும் சொந்தமா இருக்காது."

"கல்யாணம் ஆயி இருவது வருசமாச்சு டாக்டர். என்னது எது எனக்கு மட்டும் சொந்தமா இருந்துச்சு?" என்று ஜெசிந்தா சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். பிரிட்டோகூட உதட்டை இழுத்தான். ஷைனி சிரிக்கவில்லை.

அந்த வளாகத்திலேயே இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் மூளை ஒன்றும் கற்றுக்கொள்ளாது, அன்றாட வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பிரிட்டோவின் பின்மண்டையில் தகடு வைத்துத் தையல் ஆறியதும், புதிதாகக் கற்றுக்கொள்ளும்படி மூளையை இளக்கி வைக்கும் மருந்தை ஏற்றினார்கள். ஜெசிந்தாவின் நெற்றியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு சாம்பல் நிறப் பட்டை. தினமும் ஆறு மணி நேரம்.

முதல் எட்டு நாட்கள் அவனுக்கு வெறும் வெளிச்சப் பொட்டுகள். ஒன்பதாம் நாள் ஜெசிந்தா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து கத்தினான்.

"டம்ளர்! ஏட்டி, டம்ளரு தெரியுது. எவர்சில்வர் டம்ளர்."

அவள் அந்த டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்காமல் அப்படியே நின்றாள். காப்பி ஆறிப் பாலாடை படிந்தது. அவன் அதையும் சொன்னான்.

பன்னிரண்டாம் நாள் விபரீதமாயிற்று. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் கட்டிலில் இருந்த பிரிட்டோ "ஐயோ விரலு, விரலு" என்று அலறித் தன் கையை உதறினான். அவள் ஓடிவந்தபோது வலிப்பு வந்து கிடந்தான், வாயில் நுரை.

"உங்க கையை அவர் தன் கைன்னு நினைச்சுட்டார்" என்றார் டாக்டர் மாதங்கி. "பார்வையில ரெண்டு கை வருது. அது அசையுது, ஆனா இவர் அசைக்கல. மூளை குழம்பிப்போகுது. இன்னொரு தடவை இப்படி வந்தா நிறுத்த வேண்டியதுதான்."

"வேற வழியே இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள் ஷைனி. அப்பாவுக்கு வலிப்பு என்றதும் ராத்திரியோடு ராத்திரியாகப் பஸ் ஏறி வந்திருந்தாள்.

"ஒண்ணு செய்யலாம். கண்துணையைக் காட்சியிலிருந்து நீக்கிடச் சொல்லித் தகட்டுக்குக் கட்டளை கொடுக்கலாம். அம்மாவோட கை, முடி, மூக்கு நுனி, கண்ணாடி முன்னால நின்னா அதுல தெரியற உருவம், எதுவும் அவருக்குப் போகாது. அந்த இடத்துல பின்னால என்ன இருக்கோ அதை ஊகிச்சு நிரப்பிடும். ஆனா, அம்மா, அஞ்சு மாசம் நீங்க அவர் பார்வையிலயே இருக்க மாட்டீங்க."

"என்னை எடுத்துருங்க" என்றாள் ஜெசிந்தா. "அவருக்கு மத்ததெல்லாம் தெரிஞ்சா போதும்."

"பயிற்சி முடிஞ்சதும் அம்மா திரும்பத் தெரிவாங்களா?" என்றாள் ஷைனி.

"தெரியணும். அப்போ கட்டளையை நிறுத்திடுவோம்."

தெரியணும் என்றதைத் தெரியும் என்று ஜெசிந்தா கேட்டுக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு வலிப்பு வரவில்லை. பார்வை வேகமாக வளர்ந்தது. இரண்டாம் மாதக் கடைசியில் அவனுக்கு நிறங்கள் பிரிந்தன. மூன்றாம் மாதம் பேருந்துப் பலகையைப் படித்தான். சாயங்காலங்களில் இருவரும் வளாகத்துக்குள் நடந்தார்கள். அவள் பார்க்க, அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.

"அந்த வேப்பமரத்துல மேல பாரு. இன்னும் மேல. அங்கன ஏதோ அசையுது. அணிலா? நில்லு, திரும்பாத. இப்ப கீழ பாரு. அந்த ஆளு என்ன வண்டி வச்சிருக்கான்? கிட்டப் போயிப் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். நாள் முழுக்க அவன் சொன்ன பக்கம் திரும்பினாள். கழுத்து வலித்தது, பின்மாலையில் தலை இடித்தது. தூங்கிவிழுந்து இமை மூடினால் அவனுக்கு இருட்டிவிடும், உடனே பயந்து கூப்பிடுவான். ஆறு மணி நேரம் முடிந்து பட்டையைக் கழற்றியதும், எதைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

பட்டை கட்டியிருக்கும்போது அவன் முகத்தைப் பார்க்காமலிருக்கத் தொடக்கத்திலிருந்தே பழகியிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டின்போது அவன் தாடையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. துடைத்துவிடலாமென்று நினைவில்லாமல் நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

அவன் கை சோற்றில் நின்றது.

"அது யாரு?"

அவள் சட்டென்று தரையைப் பார்த்தாள்.

"ஜெசி. நானா அது?"

"சாப்பிடுங்க."

"பாரு. திரும்பவும் பாரு."

"வேண்டாங்க."

"பாருன்னு சொல்லுதேம்லா."

அவள் பார்த்தாள். இமைகளைச் சுற்றிய தோல் சுருங்கி இழுத்திருந்தது. இரண்டு கண்களும் வெந்த மீனின் கண்ணைப்போல வெளுத்துக் கிடந்தன. அவன் தலையை மெதுவாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் தன்னைத் தானே பார்த்துக்கொண்டான். அவள் கண்ணில் நீர் நிறைந்தது.

"தொடச்சுக்க. மங்குது, தெரியல" என்றான் அவன்.

அவள் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவன் போதும் என்று சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷைனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். ஒரு முறை, வார்டில் தான் முதன்முதலாக ஊசி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரிட்டோ திடீரென்று கோபப்பட்டான்.

"பிள்ள பேசிட்டிருக்கா, நீ அடுப்பப் பாக்க, கடியாரத்தப் பாக்க, மருந்து டப்பாவப் பாக்க. அவ மூஞ்சிய ஒரு தடவயாச்சும் ஒழுங்காப் பாத்தியா? இவ்வளவுதானா உன் பாசம்?"

"அப்பா, அம்மா வேலையும் பாக்கணும்லா?"

"நீ சும்மாரு. இத்தன வருசமும் இவ எதப் பாத்தான்னு இப்பல்லா எனக்குத் தெரியுது."

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் பரு வந்திருந்தது, மூக்குத்தி இடம் மாறியிருந்தது, பேசும்போது ஒரு பக்கம் உதடு லேசாக ஏறியது. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வாசனை வந்தும் அவள் திரும்பவில்லை.

"அம்மா, பாலு" என்றாள் ஷைனி.

"நீ சொல்லு. அப்பா பாக்காங்க."

ஐந்து மாதம் முடிந்து கேமராக் கண்ணாடியை மாட்டிய அன்று நிலையத்தில் இருந்த பாதிப் பேர் அந்த அறையில் கூடிவிட்டார்கள். ஜெசிந்தாவின் நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றினார்கள். தோலில் வெளுத்த தடம் இருந்தது. அவள் அவனுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஷைனி வற்புறுத்தியதால் புதுச் சேலை, தலையில் பிச்சிப்பூ.

"இப்போ கட்டளையை நிறுத்திட்டேன்" என்றார் டாக்டர் மாதங்கி. "மெதுவாப் பாருங்க."

பிரிட்டோ தலையை உயர்த்தினான். "ஷைனி" என்றான். "ஏளா, இப்ப நானே உன்னப் பாக்கேன்." டாக்டரைப் பார்த்தான். "டாக்டரும் சிரிக்கிய." ஜன்னலைப் பார்த்தான், வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியை, வேப்பமரத்தை. எல்லோரும் கைதட்டினார்கள். அவன் சிரித்துக்கொண்டே இங்குமங்கும் தேடினான்.

"ஜெசி எங்க?"

அவள் அவன் கைகளை அழுத்தினாள். "இங்கனதாங்க."

அவன் கீழே தன் கைகளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தான். "வெளாடாதட்டி. எங்கன இருக்க?"

கைதட்டல் நின்றது.

மூன்று நாள் சோதித்தார்கள். நான்காம் நாள் டாக்டர் மாதங்கி மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"கட்டளையை நிறுத்தியாச்சு. தகடு உங்களை இப்போ நீக்கல. உங்க உருவத்தை ஒழுங்காத்தான் அனுப்புது. அவர் மூளைதான் நீக்குது."

"புரியல டாக்டர்" என்றாள் ஜெசிந்தா.

"நம்ம எல்லார் கண்ணுலயும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கும்மா. அங்க எதுவும் தெரியாது. ஆனா நமக்கு அது தெரியறதே இல்ல. சுத்தியிருக்கிறதை வெச்சு மூளை அதை மூடிடும். இளகியிருந்த நேரத்துல அவர் மூளை அஞ்சு மாசமா ஒரு விஷயத்தை விடாமக் கத்துக்கிச்சு. நீங்க இருக்கிற இடத்தை மூடணும்னு. நாங்க இதை எதிர்பார்த்திருக்கணும். எதிர்பார்க்கல. என்னை மன்னிச்சிடுங்க."

"போட்டோல?" என்றாள் ஷைனி.

போனில் இருந்த கல்யாணப் படத்தைக் காட்டினார்கள். பிரிட்டோ வெகுநேரம் பார்த்தான். "கோட்டு போட்டு நான் நிக்கேன். கையில மால இருக்கு. மாலைக்கு அந்தப் பக்கம் சர்ச்சு வாசல்தான் தெரியுது" என்றான்.

பிறகு அவன் கேட்டான். "எல்லாத்தயும் அழிச்சிட்டு முதல்ல இருந்து செய்ய முடியுமா?"

"அந்த மருந்தை மறுபடி ஏத்தினா கத்துக்கிட்டது முழுக்கக் கரைஞ்சிடும். பார்வை திரும்ப வரலாம். வராமலும் போகலாம். பத்துப் பேருக்குச் செஞ்சா நாலு பேருக்கு வரலாம்னு நினைக்கிறேன்."

"செய்யுங்க."

"வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா.

"நீ சும்மாரு. நீ இல்லாத வீட்டப் பாத்து நான் என்ன செய்ய?"

"நான் எங்கன போயிட்டேன்? இங்கனதான இருக்கேன். தொட்டுப் பாருங்க." அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். "திரும்ப இருட்டுல உக்காந்து நீங்க என்னையக் கூப்பிடதக் கேக்க எனக்குத் தெம்பு இல்லங்க."

அவன் விரல்கள் அவள் கன்னத்தில் கொஞ்சநேரம் இருந்தன. அவன் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. அப்போது அவள் நினைத்தாள், அவன் இன்னும் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே என்று. உடனே அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

தூத்துக்குடிக்குத் திரும்பினார்கள். தெருவே வந்து பார்த்தது. தூரத்தில் நிற்கும் கப்பலின் பெயரைப் பிரிட்டோ படித்துச் சொல்ல எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஒரு குளிர்பதனக் கிடங்கில் மீட்டர்களைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. ஜெசிந்தாவும் பழைய இடத்துக்கே போனாள். முன்பெல்லாம் கையில் எடுக்கும்போதே இறாலின் அளவு தெரிந்துவிடும். இப்போது ஒவ்வொன்றையும் யாருக்கோ காட்டுகிறவள்போல நேரம் எடுத்துப் பார்த்தாள். மேசையில் இறால் குவிந்தது. ஒரு வாரத்தில் அவளை இறாலின் தலையைக் கிள்ளும் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

வீட்டில் பிரிட்டோ அவள்மேல் மோதிக்கொண்டே இருந்தான். ஒரு முறை கொதிக்கிற ரசத்தோடு வந்தவள்மேல் மோதி அவள் முழங்கை வெந்தது. "அங்கனயா நின்ன?" என்பது அவன் வாயில் அடிக்கடி வந்தது. தட்டு தானாக வந்து மேசையில் உட்காருகிறது என்று முதலில் சொல்லிச் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. அதிகம் பேசாதவளான ஜெசிந்தா ஓயாமல் பேசப் பழகினாள். "நான் கதவுகிட்ட நிக்கேன்." "உங்க பின்னால போறேன்." "இங்கன உக்காரப் போறேன், கால நீட்டாதிய."

தொடக்கத்தில் அவன் சாயங்காலம் ஒரு மணி நேரம் கண்ணாடியைக் கழற்றிவிடுவான். "இப்பத்தான் நீயும் நானும் ஒண்ணு" என்பான். இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அன்று கிடங்கில் நடந்ததைச் சொல்வான். அவளுக்கு அந்த ஒரு மணி நேரம் போதுமாயிருந்தது. பிறகு ஒரு நாள் டிவியில் கால்பந்து இருந்தது. இன்னொரு நாள் கிடங்கிலிருந்து யாரோ வந்திருந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் என்றாகி, ஒரு நாள் என்றாகி, நின்றுபோனது. அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பார்வை கிடைத்தவன் வேண்டுமென்றே குருடனாக எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பான்?

ஒரு பழக்கம் மட்டும் அவளுக்கு வந்தது. அழுகை வந்தால் அவள் மறைவான இடம் தேடிப் போவதில்லை. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும், அவன் எதிரிலேயே அழலாம்.

ஷைனி விடுமுறைக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பூசைக்குப் போனார்கள். கோவிலில் பிரிட்டோ தெரிந்தவர்களையெல்லாம் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டே வந்து, ஜெசிந்தா உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவள் மடிமேலேயே உட்கார்ந்துவிட்டான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஜெசிந்தாவும் சேர்ந்து சிரித்தாள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, பாத்திரங்களை எடுத்துவைத்துவிட்டு, சமையலறை வாசல் பக்கமாகச் சாய்ந்து நின்றாள். பிரிட்டோ நாற்காலியில் இருந்தான். அவளுக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. காரணம் தேடிப் பார்த்தால் காலையில் நடந்ததுதான், ஆனால் அது மட்டும் இல்லை. துடைக்காமல் விட்டுவிட்டாள்.

"ஜெசி" என்றான் அவன்.

"ம்."

"அசையாத. அப்படியே நில்லு."

"என்னங்க?"

"நீ தெரியுதட்டி." நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். "காலைல இருந்தே நெழலு மாதிரி என்னவோ தட்டுப்பட்டுட்டே இருந்துச்சு. இப்ப நல்லாத் தெரியுது. மஞ்சச் சேல. பச்சக் கர."

அவள் குனிந்து பார்த்தாள். மஞ்சள் சேலைதான். பச்சைக் கரைதான். என்ன சேலை என்று அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மூஞ்சி? மூஞ்சி தெரியுதா?"

"தெரியாம? சிரிச்சிட்டுல்லா நிக்க. நீ இப்படிச் சிரிச்சு எத்தன நாளாச்சு."

அவள் தாடையிலிருந்து ஒரு சொட்டு மஞ்சள் சேலையில் விழுந்தது.

அவனுக்குப் பின்னால் அறை வாசலில் ஷைனி நின்றாள். காலையில் சேலைக்கு மடிப்பு எடுத்துவிட்டது அவள்தான். அம்மாவின் ஈர முகத்தைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெசிந்தா கணவனைப் பார்த்தாள். அவன் முகம் எதையோ எதிர்பார்த்து மலர்ந்திருந்தது. அவன் போட்டிருந்த கேமராக் கண்ணாடி அவளுக்கு ஒரு கை தூரம் தள்ளி, வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சும்மாதான் சிரிச்சேன்" என்றாள்.

பிறகு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஓரடி நகர்ந்து, அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றாள்.